ஞாயிற்றுக்கிழமை காயப்போட்ட சட்டை

சுவிஸில் சித்தி வீட்டில் நின்ற மூன்று கிழமையும் ஒரு கொப்பியில் பட்டியல் எழுதி வந்தேன். இடப்பக்கம் சுவிஸ், வலப்பக்கம் கிளிநொச்சி. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எதையும் அளந்து எழுதிப் பழகிய கை.

சித்தப்பாவுக்கு அந்தக் கொப்பியில் பெரிய நம்பிக்கை. எழுதி முடிக்கும்போது எனக்குத் திரும்பிப் போக மனம் வராது என்று நினைத்தார். ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார். கடைசி ஞாயிறு மத்தியானம் மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் சாப்பிட வருவார்கள்; அதற்குள் நான் ஓம் சொல்ல வேண்டும்.

இடப்பக்கம் நீண்டுகொண்டே போனது. சொன்ன நிமிடத்துக்கு வரும் பஸ். குழாயில் பிடித்து அப்படியே குடிக்கும் தண்ணீர். சித்தியின் முழங்காலை ஒரே கிழமையில் படம் எடுத்துப் பார்த்து மருந்தும் கொடுத்தார்கள். அம்மா அதே வலியோடு வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மாதக்கணக்கில் அலைந்தவர். எதையும் நான் மறைக்கவில்லை.

அந்த ஞாயிறு காலை குளித்ததும், கிணற்றடியில் செய்வதுபோல, கழற்றிய சட்டையைக் கையோடு தோய்த்து பல்கனிக் கம்பியில் போட்டேன். சமைத்துக்கொண்டிருந்த சித்தி குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"எடு பிள்ளை, எடு! ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் காயப்போடக் கூடாது. கீழ்வீட்டு மனிசி கண்டால் கடிதம் வரும்."

"என்ர சட்டைக்கு ஆர் கடிதம் போடுறது?"

"வீட்டுக்காரன்தான். தோய்க்கிறதுக்கு எங்களுக்கு ரெண்டு கிழமைக்கு ஒரு நாள். மெஷின் இருக்கிற நிலவறையின்ர பூட்டுத் திறப்பு அண்டைக்குத்தான் கையில வரும்."

"நீங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாளிலயிருந்தோ சித்தி?"

"பின்னை?"

ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தேன். கதிரையில் இருந்த சித்தப்பா சிரித்தார்.

"முரசுமோட்டையில தன்ர வீட்டு வேலியெண்டு நினைச்சிட்டாள். அங்க உனக்கு என்னடி இருக்கு? வாய்க்காலை வாய் பாத்துக்கொண்டு நிக்கிறதுதானே வேலை?"

"ஓம் சித்தப்பா, வாய்க்கால்தான். அதில தண்ணி பிழைச்சால் உருத்திரபுரத்தில வயல் காயும். வாய்க்கால் கதவை எப்ப திறக்கிறதெண்டு கமக்காரர் என்னட்டத்தான் வந்து கேக்கினம். இங்க ஒரு சட்டை தோய்க்க நான் ஆரிட்டையோ திறப்புக் கேக்க வேணும்."

"வாயைப் பாரன்," என்றார் சித்தி. ஆனால் என்னை அடக்கவில்லை.

"அவையை வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அந்தாளில ஒரு குறையுமில்லை. நான் போறன்."

"போய்க் கஷ்டப்படுவாய்."

"படுவன். பட்டியல்ல அதையும் எழுதித்தான் வைச்சிருக்கிறன்."

சித்தப்பா கதிரையை விட்டு எழும்பினார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்தாலும், "மன்னிக்க வேணும்" என்று இரண்டு தரம் சொன்னது கேட்டது.

சித்தி என் கையிலிருந்த சட்டையை வாங்கினார். திரும்பவும் குளியலறைக்குத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். நேரே பல்கனிக்குப் போய், உதறி, தெருப்பக்கம் பார்க்கக் கம்பியில் விரித்துப் போட்டார்.

"வாற கடிதம் வரட்டும்," என்றார்.

அன்று ஆறு பேருக்குச் சமைத்த சோற்றை மூன்று பேர் இருந்து சாப்பிட்டோம். வேறு வேறு நேரத்தில் வேலைக்குப் போகும் அவர்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். சட்டை பின்னேரத்துக்குள் காய்ந்துவிட்டது. மடித்துப் பெட்டியில் வைத்தேன்.