ஜீப்பக்காவும் முன்னச்சும்

ஊரில் எல்லோரும் அவளை ஜீப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மலைமேல் இருக்கும் குடியிருப்புக்குச் சாலை கிடையாது. கல்லும் சேறுமாக ஒரு தடம் மட்டும் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப்பில் ஆசிரியர்களையும் சிமெண்ட் மூட்டைகளையும் நோயாளிகளையும் ஏற்றி இறக்குவதுதான் அவள் பிழைப்பு. அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன வண்டி அது. விற்றுவிடச் சொன்னார்கள், அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பயம் என்றால் என்னவென்று கேட்கிற ஆள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் காலையோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று முன்சீட்டில், மலைக் குடியிருப்புக்குப் போகிற நர்ஸம்மா மருந்துப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஏறும்போது, முன்சக்கரத்துக்குள்ளிருந்து எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். முன்பக்கம் இழுப்பது நின்றது. வண்டி ஈரக் கல்லில் வழுக்கிப் பின்னால் நகர்ந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தும் நிற்கவில்லை. பின்சக்கரம் ஒரு பாறையில் முட்டிய பிறகுதான் நின்றது. பாறைக்கு அப்பால் தரை இல்லை. மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

நர்ஸம்மா கதவைத் திறந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மேலே நடந்தே போய்விட்டாள். ஜீப்பக்கா பின்வாக்கிலேயே இறக்கி, அகலமான இடத்தில் திருப்பி, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தாள். அன்று சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மர உச்சிகள்.

வழக்கமாக வண்டி பார்க்கிற மெக்கானிக், மகளின் பிரசவத்துக்காக வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். போனில் விவரம் கேட்டுக்கொண்டார்.

"முன்னச்சுல ஆக்சில் ஷாஃப்ட் உடைஞ்சிருக்கு தங்கச்சி. ரெண்டு பக்கமும் மாத்திடு. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணையும் நம்ப முடியாது. நான் எப்ப வருவேன்னு சொல்ல முடியல."

"நானே மாத்தலாமாண்ணே?"

"மாத்தலாம். ஷாஃப்டை உள்ள விடும்போது ஆயில் சீல், அந்த ரப்பர் வளையம், கிழியாமப் பாத்துக்கோ. அதைவிட முக்கியம், ஜாக்கியை நம்பி அடியில போகாதே."

முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. அவள் கணவர் தையல்காரர். கடைசி வாக்கியம் மட்டும் அவர் காதில் நன்றாக விழுந்துவிட்டது.

புது ஷாஃப்ட்டுகள் வந்த அன்று அவர் துணியைத் தொடவில்லை. அவள் ஜீப்பின் முன்பக்கத்தைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டுகளில் உட்காரவைத்தாள். அவருக்கு அது போதவில்லை. கழற்றிய சக்கரங்களை அடியில் தள்ளினார். அப்புறம் மரக்கட்டை. அப்புறம் இரண்டு செங்கல்.

"உங்க தையல் மெஷின் ஒண்ணுதான் பாக்கி," என்றாள்.

"அதுவும் இரும்புதான்," என்றார். சிரிக்கவில்லை.

உடைந்தது இடதுபக்கம். அங்கே பிரேக்கைக் கழற்றிக் கம்பியில் கட்டினாள். துருவேறிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி நெம்பினாள். ஒவ்வொரு நெம்பலுக்கும் வண்டி லேசாக ஆடியது. அவர் குனிந்து ஸ்டாண்டுகளைப் பார்த்தார். ஷாஃப்ட் வெளியே வந்தபோது மூட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. கிரீஸ் காய்ந்து செந்தூளாக அவள் உள்ளங்கையில் கொட்டியது. இதை நம்பித்தானே கர்ப்பிணிகளைக் கூட ஏற்றிப்போனோம் என்று நினைத்துக்கொண்டாள்.

புது ஷாஃப்டின் பாரம் சீலில் விழாமல் ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

"கிழியாம உள்ள விடணும், அவ்வளவுதானே? அது என் தொழில்," என்று அவர் தாங்கிக்கொண்டார். உள்ளே பல் பல்லோடு சேர்ந்து அது சட்டென்று உட்கார்ந்தது.

வலதுபக்கம் உடையவில்லை, ஆனால் பிடிவாதமாக வர மறுத்தது. அவள் மல்லாந்து படுத்து, அடியில் தலையை விட்டு இழுத்தாள். முற்றத்து மண் மழையில் ஊறியிருந்தது. ஸ்டாண்டின் ஒரு கால் மண்ணுக்குள் இறங்குவதை அவர்தான் பார்த்தார். அவர் கத்தவில்லை.

"நான் சொல்றதை மட்டும் கேளு. கையை எடு. அப்படியே என் பக்கம் உருண்டு வா."

"இதோ, வந்துடும்..."

"வா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. உருண்டு வெளியே வந்தாள். ஸ்டாண்ட் சாய்ந்தது. வண்டி முனகிக்கொண்டு இறங்கி, அடியில் தள்ளியிருந்த சக்கரத்தின்மேல் நின்றது. அவள் தலை இருந்த இடத்தில் ஒரு சாண் உயரம்தான் மிச்சம்.

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவர் கொண்டுவந்த தண்ணீர் பாதி வழியிலேயே சிந்திவிட்டது.

"வித்துடலாங்க," என்றாள்.

அவர் பல வருஷமாகச் சொல்ல நினைத்து விழுங்கிய வார்த்தை அது. ஆனாலும் அவர் வலதுசக்கரம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்குறவன் அந்தப் பக்கத்தை மாத்துவானா?" என்றார்.

அவள் எழுந்துபோய்ப் பலகைகளைக் கொண்டுவந்து மண்மேல் பரப்பினாள். மறுபடி ஜாக்கியை வைத்தாள். பொழுது சாய்வதற்குள் வலதுபக்கமும் முடிந்தது.

மறுநாள் வெறும் வண்டியை மலைக்கு எடுத்தாள். அவர் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க வேண்டாம். இறங்குங்க."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் வீட்ல உக்காந்து சட்டைக்குக் காஜா எடுத்துட்டு இருக்கவா? போ."

வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தாள். ஒவ்வொரு கல் சத்தமும் அந்தச் சத்தமாகவே கேட்டது. முன்சக்கரங்கள் கல்லைக் கவ்வி இழுத்தன, வண்டி ஏறிவிட்டது. மேலே போனதும் அவர் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். அவர் திரும்பும்வரை அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கிடந்தாள்.

ஜீப் மறுபடி ஓடுகிறது. ஆனால் அந்த வளைவுக்கு முன்னால் எல்லோரையும் இறக்கிவிட்டு, தனியாக ஏறி, மேலே காத்திருப்பாள். ஆசிரியர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஒருநாள் நல்ல மழை. நர்ஸம்மா இறங்கவில்லை.

"இறங்கும்மா."

"மருந்து நனைஞ்சுடும். நீங்க போங்கக்கா."

ஜீப்பக்கா முன்கண்ணாடியைத் துடைத்தாள். கியரைப் போட்டாள். ஏறி முடிக்கும்வரை இருவரும் மூச்சு விட்டார்களா என்று தெரியாது. நர்ஸம்மா கதவைத் திறந்தபோது, பிடித்திருந்த கம்பியின் தடம் அவள் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைத் துணியில் தேய்த்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த வாரம் வெயில் அடித்தது. வளைவு வந்ததும் யாரும் சொல்வதற்கு முன்பே நர்ஸம்மா பெட்டியோடு இறங்கிக்கொண்டாள்.