ஆடும் புல்லியோடு மாவ்பி வளைகாப்புக்கு

இந்த ஜனவரியில் மியான்மரின் யாங்கோனுக்குப் போனது ஒரு வளைகாப்புக்காக. என் தாத்தாவின் தம்பி துறைமுக வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய பேத்தி லெட்சுமி எனக்கு அக்கா முறை. யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் வீடு. அக்காவின் கணவர் கோ செல்வம் (‘கோ’ அங்கே ஆண்களுக்கு மரியாதை அடைமொழி), நான் மாமா என்று கூப்பிடுபவர், சொந்தமாகச் சின்ன லாரி ஓட்டுகிறார். மகளைக் கட்டிக்கொடுத்தது வடக்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மாவ்பியில். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் முதல் வளையலை அம்மா கையால் போட்டாக வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து பசுந்தாங்குக்கு டாக்சி இருபத்தைந்தாயிரம் கியாட். நீங்கள் போகும்போது ஏறியிருக்கும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

காலை ஐந்தரைக்கே லாரியில் கிளிச் கிளிச் என்று சத்தம். மூன்று வாரமாக இருக்கிறது என்றாள் அக்கா. அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றார் மாமா. நான் நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருப்பவன், சும்மா இருப்பேனா? பெல்ட்டில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கியது. பெல்ட் தளர்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, என் கையாலேயே இறுக்கினேன். மொஹிங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு ஆறேகாலுக்குக் கிளம்பினோம். பின்னால் ஐந்து வகைச் சோறு, அக்கா மடியில் லத்தா கடைத்தெருவில் வாங்கிய கண்ணாடி வளையல்கள்.

அங்கே சாலையின் வலப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஆனால் லாரி ஜப்பானிலிருந்து வந்தது, ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முன்னால் போகும் பேருந்தை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் லாரியில் அது அக்கா. வாயே திறக்காமல் மாமாவின் தோளில் தட்டிக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்துக்குப் பிறகும் இவ்வளவு கொஞ்சலா என்று நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

இன்சேன் தாண்டியதும் கிளிச் கிளிச் கடகடவென்று மாறியது. அக்கா தோளில் இரண்டு முறை தட்ட, மாமா ஓரம் கட்டினார். மணி ஏழே முக்கால். பெல்ட் கழன்றால் வாட்டர் பம்ப் நிற்கும், இன்ஜின் கொதிக்கும், வளையல் வழியிலேயே நிற்கும். அக்கா வளையல் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நல்ல வேளை, எதிரிலேயே ஒரு பட்டறை. மெக்கானிக் கோ மின் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடும் இன்ஜினில் ஒவ்வோர் இடமாக வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ஓரிடத்தில் நின்று, பிடியை மாமாவிடம் கொடுத்தார். மாமா இடது காதில் வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். அக்கா அவர் முகத்தை மெல்லத் திருப்பி, பிடியை வலது காதுக்கு மாற்றினாள். மாமாவின் முகம் மாறிவிட்டது. மூன்று வாரம் சொன்னதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறார், என்ன பிடிவாதம் என்று நினைத்தேன்.

கோ மின் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் இன்ஜினை ஓட விட்டார். சத்தமே இல்லை. அப்படியானால் இன்ஜின் உள்ளே கோளாறு இல்லை, பெல்ட் சுற்றும் சக்கரங்களில் ஏதோ ஒன்று. அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டினார். பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் புல்லி, விழப்போகும் பல் மாதிரி ஆடியது. உள்ளே பேரிங் தேய்ந்து போயிருந்தது. சக்கரம் சாய்ந்ததால்தான் கிளிச் சத்தம். தண்ணீர் அதை மறைத்தது, நான் பெல்ட்டை இறுக்கியது மீதி உயிரையும் எடுத்துவிட்டது. பக்கத்துக் கடையில் பழைய புல்லி நாற்பத்தைந்தாயிரம் கியாட். செலவை நான் ஏற்றேன், வெட்கத்தில்.

ஒன்பது மணிக்குக் கிளம்பி, அக்கா தட்டத் தட்ட, பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மாவ்பி. பத்து இருபதுக்கு மகள் கையில் முதல் வளையல். அக்கா அழுதாள், நானும்தான்.

அக்கா மூன்று நாள் மகளோடு தங்குவதாக ஏற்பாடு. திரும்பும்போது இடப்பக்கம் நான். கிளம்பும் முன் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“தம்பி, அவருக்கு இடது காது கேக்காது. வலது காது ஜன்னல் பக்கம், ரோட்டுச் சத்தம்தான் கேக்கும். வாயால சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. தோள்ல ஒரு தட்டு தட்டுனா போவாரு, ரெண்டு தட்டுனா நிப்பாரு.”

“அப்போ அந்தக் கிளிச் சத்தம்?” என்றேன்.

“சத்தம் இல்லன்னு சண்டை போட்டாருன்னு நெனச்சீங்க. கேக்கலன்னு உங்க முன்னாடி எப்படிச் சொல்லுவாரு?”

இதை எழுதலாமா என்று பிறகு மாமாவிடமே போனில் கேட்டேன். “எழுதுங்க மச்சான். பெல்ட்ட இறுக்குனது யாருன்னும் சேத்து எழுதுங்க” என்றார். எழுதிவிட்டேன்.

மாவ்பி போகிறவர்கள் ஆறு மணிக்கே கிளம்புங்கள். பெல்ட் கத்தினால் இறுக்காதீர்கள். இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, புல்லிகளை ஆட்டிப் பாருங்கள். வலது ஸ்டியரிங் வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்தால் தூங்காதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். அந்த இருக்கையில் வேலை இருக்கிறது.

அன்று திரும்பும்போது மாவ்பியைத் தாண்டியதும் முன்னால் ஒரு பேருந்து. எதிரே பார்த்தேன், சாலை காலி. நம்பாமல் இன்னொரு முறை பார்த்தேன். பிறகு தோளில் ஒரு தட்டு. மாமா என் பக்கம் திரும்பக்கூட இல்லை, முந்திக்கொண்டு போனார்.