ரிப்போர்ட்டில் நார்மல்

முதலில் வந்தது பேச்சுச் சத்தம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் அலுமினிய வார்ப்புக் கம்பெனியில் எனக்கு எக்ஸ்ரே வேலை. வார்ப்புக்குள் விரிசல், காற்றுக்குழி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்துப் பிரிக்க வேண்டும். பதினோரு வருடம் அதைத்தான் செய்தேன். ஒருநாள் மெஷினுக்குப் பின்னால் இரண்டு பேர் என்னைப் பற்றிக் கன்னடத்தில் பேசினார்கள். போய்ப் பார்த்தால் வெறும் சுவர்.

மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்த பிறகுதான் என் மனைவி கவுசல்யா என்னைப் பெங்களூருக்கு இழுத்துப் போனாள். அங்கே டாக்டரம்மா ஸ்கிசோஃப்ரினியா என்றார் (மனச்சிதைவு, இல்லாத குரல் கேட்கும், இல்லாத சதி தெரியும்). ஒரு மணி நேரம் பேசிவிட்டு எப்படிச் சொல்லலாம் என்று எனக்குக் கோபம். "படத்துல காட்டுங்க, மாத்திரை போடுறேன்" என்றேன்.

எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடலுக்குள் படம் எடுப்பது) எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் தடதடவென்று ஒரே இரைச்சல். குரல்கள் வாயை மூடிக்கொண்டன. அவை ஒளிந்துகொள்வதாக நினைத்தேன்.

ரிப்போர்ட் நார்மல்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்படி இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. "இந்த நோய் இருக்கிற நிறைய பேர் படத்தையும் இல்லாதவங்க படத்தையும் ஒப்பிட்டா சராசரியில வித்தியாசம் தெரியுது. உங்க ஒருத்தர் படத்தை மட்டும் வெச்சு இருக்கு, இல்லைன்னு சொல்ல இன்னும் முடியல. கம்ப்யூட்டரை வெச்சு முயற்சி பண்றாங்க. ஒரு ஆஸ்பத்திரி படத்துல சரியா சொல்றது, இன்னொரு ஆஸ்பத்திரி படத்துல தடுமாறுது."

"மொத்த லாட்டா பாத்தா தெரியும், ஒவ்வொரு பீஸா பாத்தா தெரியாதா? எங்க கம்பெனியில இப்படிச் சொன்னா கேட்டுக்கு வெளிய நிக்கணும்."

"உங்க கம்பெனியில வார்ப்பு பேசாது. நீங்க பேசுறீங்க. அதை வெச்சுத்தான் சொல்றேன்."

எனக்குப் புரியவில்லை. மறுபடி வேலையில் சேர, ரிப்போர்ட்டை ஹெச்.ஆர். அதிகாரியின் மேசையில் வைத்தேன். அவரும் நார்மல் என்ற வார்த்தையைப் பார்த்தார், மெஷினுக்குப் போகச் சொல்லிவிட்டார். மாத்திரை பிரிக்காமலே கிடந்தது.

"அந்த டாக்டரம்மா சொன்னதெல்லாம் காத்துல போச்சா?" என்றாள் கவுசல்யா.

"ரிப்போர்ட்டே பேசுது, நீ எதுக்குப் பேசுற?"

மூன்றாவது வாரம், வந்த வார்ப்பு எல்லாவற்றிலும் விரிசல். ஒரு ஷிப்ட் முழுவதையும் ரிஜெக்டில் போட்டேன். லைன் நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்தான்.

"அண்ணா, எங்க விரிசல்? காட்டுங்க."

விரலை வைத்துக் காட்டினேன்.

"உங்க கண்ணுக்கு மட்டும் ஸ்பெஷல் லென்ஸாண்ணா?"

என் கண்ணுக்கு விரிசல் தெரிந்தது. அது அங்கே இல்லை என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அன்றே பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வேலையும் போனால் வீடு எப்படி ஓடும் என்று கவுசல்யா அழுதாள். மாத்திரையைப் பிரித்தேன்.

உங்கள் வீட்டிலும் ஸ்கேன் நார்மல் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தாதீர்கள். கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்பது மாதிரி சிலதைத்தான் அந்தப் படம் சொல்கிறது. இதை அந்தத் தாளிலேயே எழுதித் தொலைத்தால் என்ன?

மாத்திரை போட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. குரல் குறைந்திருக்கிறது. கை நடுங்குகிறது, நாக்கு தடித்த மாதிரி இருக்கிறது, பல் தேய்க்கவே வெகுநேரம் ஆகிறது. குறைந்தது நோயா, நானா, தெரியவில்லை. ஏதாவது காதில் விழுந்தால் கவுசல்யாவிடம் கேட்கிறேன். அவள் சட்டென்று இல்லை என்று சொல்வதில்லை. மிக்சியை நிறுத்திவிட்டுக் கவனித்துக் கேட்கிறாள். நாளில் மற்றதெல்லாம் எங்கே போகிறதோ, அவள் பதில் சொல்லும் வரைக்குமான நேரம்தான் எனக்கு நீளம்.

நேற்றும் கேட்டேன், "யாராவது கூப்பிட்டாங்களா?"

"தெரியலைங்க. எனக்கும் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு."

இருவரும் போய்க் கதவைத் திறந்தோம். யாரும் இல்லை. மூடாமல் அப்படியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று அவளுக்கும் தெரியவில்லை.