‘செட்டில்’ ஆவதற்குப் பிரெஞ்சில் என்ன?

தொண்டைக்குழியில் உப்புத்தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம்தான் எனக்கு இன்றைக்கும் பிரெஞ்ச். பிளஸ் ஒன் சேர்ந்த வருடம், காலையில் கொல்லைக் குழாயடியில் நின்றுகொண்டு, பிரெஞ்ச் சார் சொன்னபடி ‘ர’ என்ற எழுத்தை நாக்கில் படவிடாமல் அடித்தொண்டையிலிருந்தே இழுத்துப் பழகுவேன். அடுப்படியிலிருந்து அம்மா, “சளி கட்டியிருக்கு போல, மிளகு ரசம் வைக்கிறேன்” என்பார். அந்த வருடம் நான் குடித்த ரசத்துக்குக் கணக்கில்லை.

பிரெஞ்சின் மேல் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. “தமிழ்ல மார்க்க கிள்ளிப் போடுவாங்க, பிரெஞ்ச்ல அள்ளிப் போடுவாங்க” என்று திருச்சியில் பெரியவர்கள் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய கடைவீதியில் பூட்டுக் கடை வைத்திருந்த அத்தாவும், எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம், அதைக் கேட்டுவிட்டு வந்து என்னைச் சேர்த்துவிட்டார். வகுப்பில் எல்லாரும் ஒரே நோட்ஸை ‘உருத்தட்டினோம்’. ‘என் குடும்பம்’ என்று கட்டுரை வந்தால், நாய் வாசல்படி ஏறாத எங்கள் வீட்டிலும், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருந்த என் சிநேகிதன் சௌரிராஜன் வீட்டிலும், ஒரே வெள்ளை நாய் ஒரே பெயரில் பரீட்சைக்குப் பரீட்சை வளர்ந்தது. இந்த லட்சணத்தில் இருந்த என் பிரெஞ்சை அத்தா கடைக்கு வருகிறவர்களிடம் பூட்டோடு சேர்த்து விற்றுக்கொண்டிருந்தார். “எம் பையன் பிரெஞ்ச் பேசுவான்” என்பார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். குனிந்தால் போதும், யாரும் பேசிக்காட்டச் சொல்லமாட்டார்கள்.

சொல்லும் நாள் வந்தது. ஹமீதா அக்காவுக்கு ஒரு வரன் அமைந்தது. காரைக்கால் குடும்பம், மாப்பிள்ளை சின்ன வயதிலேயே தன் அத்தாவோடு பிரான்ஸுக்குப் போய் அங்கேயே வளர்ந்தவர், தாயார் காரைக்காலிலேயே இருந்தவர். அக்கா அப்போது பி.எஸ்.ஸி. கணிதம் இரண்டாம் வருடம். இரண்டு மாதத்தில் நிக்காஹ் என்பதுவரை பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தன் தாயாருடனும் தாய்மாமனுடனும் வருகிறார், பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்கிறார் என்று சேதி வந்ததும் அத்தா என்னைக் கூப்பிட்டார்.

“ஜமாலு, அவர் வந்து உக்காந்ததும் அக்கா பிரெஞ்ச்லயே பேசணும். ஐ வாண்ட் டு செட்டில் இன் ஃபிரான்ஸ். இத அப்படியே பிரெஞ்ச்ல மாத்தி அவளுக்குச் சொல்லிக்குடு. அசந்துடணும் அவங்க.”

பயம் வந்தால் எனக்குக் காது சூடாகும். அந்த நிமிடமே சூடானது. எங்கள் நோட்ஸில் நாய் இருந்தது, ‘செட்டில்’ இல்லை. என் பையிலிருந்த குட்டி அகராதியிலும் இல்லை. பெரிய அகராதி சௌரியிடம்தான் இருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டுகிறவரை ஜன்னல் கம்பியை நெற்றியால் முட்டிக்கொண்டே போனேன்.

சௌரி அகராதியைப் பிரித்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் போயிற்று. அந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்குப் பிரெஞ்சில் அரைப் பக்கம். ஓர் ஊரில் குடியேறுவதற்கு ஒரு சொல், கடைப் பாக்கியைத் தீர்ப்பதற்கு வேறு சொல், சண்டை போட்டவன் அடங்குவதற்கு ஒன்று, பறவை கிளையில் வந்து உட்கார்வதற்கு ஒன்று, கலங்கல் தண்ணீரில் வண்டல் அடியில் போய்ப் படிவதற்கு இன்னொன்று. நான் தப்பான வரியை எடுத்துக் கொடுத்து, பட்டுப்புடவையில் வந்து நிற்கும் அக்கா “நான் பிரான்ஸின் அடியில் வண்டலாகப் படிய விரும்புகிறேன்” என்று மாப்பிள்ளையிடம் சொல்வதையும், காரைக்கால் கார் புழுதி பறக்கத் திரும்பிப் போவதையும் நான் முழுப் படமாகவே பார்த்துவிட்டேன்.

“இதுல எதுடா?” என்றேன்.

“என்னக் கேட்டா? உங்கக்கா எந்த அர்த்தத்துல சொல்றாளோ அது. போய்க் கேட்டுண்டு வா.”

“அவ எங்க சொன்னா? அத்தால்ல சொன்னாரு.”

சௌரி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டான். “அப்போ மாப்பிள்ளை உங்க அத்தாவையா கல்யாணம் பண்ணிக்கப் போறார்?”

அவனுக்கு அது நக்கல். எனக்கு அதில் சிரிக்க நேரமில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அக்கா மொட்டை மாடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தது. எதிரே மலைக்கோட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் மூச்சிரைக்க, குடியேறுவதிலிருந்து வண்டல்வரை எல்லாவற்றையும் ஒப்பித்து, “இதுல உனக்கு எது வேணும்க்கா? சீக்கிரம் சொல்லு, வாக்கியம் அமைக்கணும்” என்றேன். அக்கா சிரித்தது. அத்தாவின் சட்டை ஒன்றை மடித்துவிட்டு, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தது.

“இத இதுவரைக்கும் யாரும் கேக்கல ஜமாலு” என்றது.

“எத?”

“எனக்கு என்ன வேணும்னு. போறதுல எனக்கு விருப்பம்தான். போட்டோல பார்த்தேன், நல்லாத்தான் இருக்காரு. ஆனா டிகிரிய முடிச்சிட்டுத்தான் போவேன். பாதியில விட்டுட்டுப் போனா அங்க நான் யாரு?”

“அத்தாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். மாப்பிள்ளை வீட்ல ஒத்துக்க மாட்டாங்க, வாய மூடுன்னாரு.” சட்டையைக் கீழே வைத்தது. “மாப்பிள்ளைகிட்டயே சொல்லிடறேன். அத்தாவுக்குப் புரியாத பாஷையில. நீதான் பிரெஞ்ச் படிக்கிறியே, எழுதிக் குடு.”

காது மறுபடி சூடானது. ஆனால் ஒரு நல்ல காலம்: ‘முடிப்பது’ என்ற வினைச்சொல்லை, நான் முடிக்கிறேன், நீ முடிக்கிறாய் என்று ஆறு வடிவத்திலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், பிரெஞ்ச் சார் ஸ்கேலால் அடித்து ஏற்றியது. ‘தபோர் ழ ஃபினி மேஸெத்யூத், அப்ரே ழ வியேன்.’ முதலில் படிப்பை முடிக்கிறேன், பிறகு வருகிறேன். நோட்ஸிலிருந்த நாய் இல்லாமல், என் வாழ்நாளில் நான் சொந்தமாக அமைத்த முதல் பிரெஞ்ச் வாக்கியம் அதுதான். அக்கா இரண்டு நாளில் அதை என்னைவிட அழகாகச் சொன்னது. குழாயடியில் இருவர் கொப்பளித்ததால் ரசமும் இரண்டு டம்ளராயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, ரோஸ் மில்க்கும் சமோசாவும் வைத்து, எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா வந்து நின்றது, சலாம் சொன்னது, மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே வாக்கியத்தை ஒரு பிசிறில்லாமல் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய தாயார், “மாஷா அல்லாஹ், நம்ம ஊர்ப் புள்ள எப்படிப் பேசுது” என்றார். தாய்மாமனுக்கும் அந்த பாஷை தெரியாது போல; சமோசாவை எடுத்துக்கொண்டார்.

அத்தாவின் முகத்தில் பூட்டுக் கடை முழுதும் விற்றுத் தீர்ந்த பூரிப்பு. “ஜமாலு, அக்கா என்ன சொன்னா? எல்லாருக்கும் தமிழ்ல சொல்லு” என்றார்.

இதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. கூடம் முழுக்க என்னைப் பார்க்கிறது. உண்மையைச் சொன்னால் அத்தா. பொய் சொன்னால், எதிரே பிரெஞ்ச் தெரிந்த ஒரே மனிதர் உட்கார்ந்திருக்கிறார். நான் வீரனாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கே வேறு மாதிரி போயிருக்கும். “பிரான்ஸ்ல செட்டில் ஆகணும்னு சொன்னா, அத்தா” என்றேன். என் குரல் எனக்கே பூனைக் குரலாகக் கேட்டது.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அத்தாவைப் பார்த்தார். பிறகு, தமிழே வராது என்று நாங்கள் நினைத்திருந்த மனிதர், சுத்தமான காரைக்கால் தமிழில் பேசினார்.

“மாமா, நிக்காஹ்வ அடுத்த வருஷம் வெச்சுக்கலாமாங்க? எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல. அதுவரைக்கும் இவங்க படிச்சிட்டிருக்கட்டுமே.”

அத்தா கொஞ்சம் தாடியைத் தடவினார். மாப்பிள்ளையே கேட்கிறார், மறுக்க முடியுமா? “இன்ஷா அல்லாஹ்” என்றார். அக்கா உள்ளே போய்விட்டது. போகும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்தது, வலித்தது.

அவருக்கு வேலை முன்பே நிரந்தரமாகியிருந்தது என்பதைப் பின்னால் அக்காவே சொன்னது. டிகிரி முடித்துப் போன அக்கா, இப்போது அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

நான் திருச்சியிலேயே எடமலைப்பட்டி புதூருக்குக் குடிவந்து பல வருடமாகிறது. பூட்டுக் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். சௌரியின் அகராதியைக் கரையான் தின்றுவிட்டது என்று அவனே சொன்னான். ஒரு சொல்லுக்காகக் காவிரியை இருமுறை தாண்டுகிற வேலை இப்போது யாருக்கும் இல்லை. போனிடம் சொன்னால் கண் மூடித் திறப்பதற்குள் எந்த பாஷையிலும் தந்துவிடுகிறது.

போன வாரம் பக்கத்து வீட்டு நண்பர், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருப்பவர், என்னைக் கூப்பிட்டார். மகளுக்கு ஜெர்மனி மாப்பிள்ளை; இரவு வீடியோவில் பேசப்போகிறாள். “பாய், பொண்ணு பேச வேண்டியத ஜெர்மன்ல ரெடி பண்ணிட்டேன். நீங்க வெளிநாட்டு பாஷை படிச்சவரு, ஒரு பார்வை பாத்துடுங்க” என்று தன் போனை நீட்டினார். எனக்கு ஜெர்மனில் ஓர் எழுத்து தெரியாது. வழக்கம்போல அடக்கமாகத் தலையைக் குனிந்து பார்த்தேன். அவர் டீ சொல்லிவிட்டு வர உள்ளே போனார்.

மகள் எதிரே உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நீ சொல்றதாம்மா, அப்பா சொல்றதா?” என்று கேட்டேன்.

நிமிர்ந்தாள். அப்பா போன வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.