அஞ்செட்டித் தாள்

அஞ்செட்டியில் மழை விட்டுவிட்டது. மலைமேல் டவர் சாயாமல் நிற்கிறது. என் போனில் மட்டும் சிக்னல் இல்லை. டீக்கடை அக்காவிடம் கேட்கிறேன்.

“டவர் நின்னாப் போதுமாங்க, கரண்ட் வேணாமா? நேத்து காத்துல போனது. பேட்டரியும் தீந்துபோச்சு. டீசல் கொண்டுபோற வழியில மரம் விழுந்து கெடக்குது. இந்தத் தாள்ல வீட்டு போன் நம்பரும் சேதியும் எழுதுங்க. பஸ்ல போறவங்க சிக்னல் வந்ததும் சொல்லிடுவாங்க.”

தாளில் ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். மத்திகிரி வீட்டு எண்ணையும் ‘நான் நலம்’ என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

ஓசூர் பஸ் வருகிறது. ஏறுபவன் நான் ஒருவன்தான். அக்கா சிரித்தபடி தாளை என்னிடமே நீட்டுகிறார்.

தேன்கனிக்கோட்டையில் சிக்னல் வருகிறது. மனைவியின் பெயரைத் தொடப்போன விரல் நிற்கிறது. வரிசை வரிசைதான். தாளின் முதல் எண்ணை அழுத்துகிறேன்.

“அம்மா, அஞ்செட்டி சேதிங்க. உங்க அண்ணன் வீட்டு மாடு கன்னு போட்டிருக்கு. கிடாரி!”