ராஜாவுக்குத் தாடைக்கட்டு

என் சகலைக்குப் பிணவறையில் வேலை. வருகிறவர்களைத் துடைத்து, கை கால் நீட்டி, தாடையைத் தூக்கிக் கட்டி, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிந்து அனுப்புவார். மற்றபடி தங்கமான மனிதர். கல்யாண வீட்டில் யாராவது வாயைப் பிளந்து தூங்கினால் மட்டும் அவர் கை பரபரக்கும். தள்ளி உட்கார வைப்போம்.

அவரை வளர்த்தது அவருடைய அக்கா. அந்த அக்கா செத்தபோதும் எல்லா வேலையையும் தானே செய்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. முடித்துக் கை கழுவிவிட்டு, டீ இருக்கா என்று கேட்டார். அன்றிலிருந்து அக்கா மகள் அவரோடு பேசுவதில்லை. மாமா மனுஷனே இல்லை, கல் என்று சொந்தமெல்லாம் சொல்லித் திரிந்தாள். அதுகூடப் பரவாயில்லை. அவருக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. அழுது பார்க்கலாம் என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம், தும்மல்தான் வருமாம். உள்ளே எல்லாம் வற்றிப்போச்சு போல என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அந்த அக்கா மகள் நாடகத்தில் நடிப்பவள். ராணி வேஷம். எல்லோருக்கும் டிக்கெட் அனுப்பியவள் இவருக்கு மட்டும் அனுப்பவில்லை. என் மனைவிக்கு வந்த டிக்கெட்டில் நான் அவரை இழுத்துப் போனேன். ராணி அழுதால் இவருக்கும் தொற்றிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு என்றைக்குச் சரியாக இருந்தது?

கடைசிக் காட்சியில் ராஜா செத்தார். சாகிறேன் சாகிறேன் என்று ஒரு பாட்டம் பேசிவிட்டு, வாயைப் பிளந்து, ஒரு காலை மடக்கிக்கொண்டு செத்தார். ராணி மேலே விழுந்து கதறினாள். அரங்கமே மூக்கை உறிஞ்சியது. சகலை மட்டும் நெளிந்தார்.

"வாய் திறந்திருக்கு சகல. இப்படியே விட்டா அப்புறம் மூடாது."

நான் சட்டையைப் பிடிப்பதற்குள் மேடையேறிவிட்டார். ராணியின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்கம்மா, கால நீட்டணும்," என்றார். அவள் அம்மாவின் தலைமாட்டிலும் இதையேதான் சொன்னார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்த்தாள். இவர் ராஜாவின் காலை நீட்டினார், அவர் இடுப்புக் கச்சையை உருவித் தாடையைத் தூக்கிக் கட்டினார், தன் கைக்குட்டையால் கட்டைவிரல்களை முடிந்தார். ராஜாவுக்குக் கால் கூசியது, சிரிப்பை அடக்கியதில் வயிறு குலுங்கியது. ஆனாலும் தொழில் பக்தி, அசையாமல் செத்தே கிடந்தார். எனக்குப் பின்னால் இருந்தவர், இதுதான் நவீன நாடகம் என்று மனைவிக்கு விளக்கினார். திரை விழுந்தது.

மறுபடி திரை ஏறியபோது நடிகர்கள் கும்பிடு போட வரிசையாக நின்றார்கள். இறங்க வழி தெரியாமல் ஓரத்தில் சகலையும் நின்றார். ராஜா மட்டும் இன்னும் படுத்திருந்தார். காலை உதறினார், முடிச்சு அவிழ்ந்தது, தாடைக்கட்டோடு எழுந்து நின்று சபையைக் கும்பிட்டார்.

அவ்வளவுதான். சகலை தரையில் உட்கார்ந்து ஓவென அழுதார். சாமி என்றாலே எனக்கு எரிச்சல் வரும். அன்று என் கை தானாகக் குவிந்தது. ராஜா அவர் முதுகைத் தடவினார். வாய் கட்டியிருந்ததால் ஆறுதல் சொல்ல முடியவில்லை. ராணி பக்கத்தில் மண்டியிட்டு, இத்தனை மாதங்களுக்குப் பிறகு, மாமா என்றாள்.

"என் கை பட்டு எந்திரிச்ச மொத ஆளு இவருதாம்மா," என்றார். "உங்கம்மாவுக்கு இறுக்கிக் கட்டிட்டேன். கொஞ்சம் லூசா கட்டியிருக்கலாம்."