கடுகண்ணாவை இறக்கமும் ஜவ்பர் நானாவும்

அன்று காலை ஆறரை மணிக்குப் போனில் ஜவ்பர் நானாவின் பெயர் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆள் அவர் இல்லை. எங்கோ ஒரு காரில் நாங்கள் செய்து கொடுத்த கூரை கழன்றுவிட்டது, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பேசியது அவருடைய மகள் ஷிபானா.

"விஜயா மாமி, வாப்பா மௌத்தாகிட்டாரு. சுபஹுத் தொழுதிட்டு கதிரையில குந்தினவரு, அப்பிடியே போயிட்டாரு."

முதல் நொடியில் எனக்கு அழுகை வரவில்லை. கூரை ஒன்றும் கழலவில்லை என்ற நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியை நினைத்து, அவருடைய ஊரான அக்குறணைக்குப் போகும் பஸ்ஸில் வெட்கப்பட்டுக்கொண்டே போனேன். அன்று பகலுக்கு முன்னமே ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். பெண்களோடு வீட்டுக்குள் இருந்தேன். வெளியே ஆண்களின் காலடிச் சத்தம் தேய்ந்து போனபோதுதான், இனி கட்டுகஸ்தோட்டைப் பட்டறையில் நான் தனி ஆள் என்பது உறைத்தது. அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

பழைய கார் வைத்திருக்கும் நீங்கள், உங்கள் சஞ்சிகைக்கு அவரைப் பற்றி நான்கு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். உங்களில் பலருடைய கார்களின் மேல் இன்று இருப்பது நானும் அவரும் செய்த கூரை. அதனால், எழுத உட்கார்ந்த பிறகு ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

அவரோடு அதிகம் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து இந்த மலைநாட்டுக்கு வந்த இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத் துணிக்கூரைதான். நம்முடைய மழைக்கு அது தாங்காது. அதனால் தேயிலைத் தோட்டத் துரைமார் சிலர், கார் கம்பனி செய்யாத, வேறு சின்னப் பட்டறைகள் செய்து விற்ற கடினமான பைபர் கூரைகளைக் கப்பலில் வரவழைத்தார்கள். கார்கள் கைமாறிப் போயின. கூரைகள் தோட்டங்களிலேயே கிடந்தன. ஜவ்பர் நானா அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக ஒன்று, விறகுக் குவியலுக்கு மேல் ஒன்று, நாவலப்பிட்டியில் ஒரு வீட்டில் நாய்க்குக் கூடாக ஒன்று. கொண்டுவந்து செப்பனிட்டு, அதன் மேல் மெழுகு பூசி, பைபர் விரித்து, ரெசின் என்ற இறுகும் பசையைத் தடவி அச்சு எடுப்பார். அந்த அச்சிலிருந்து புதுக் கூரைகள் பிறக்கும். நான் தெல்தோட்டையிலிருந்து வந்து கண்டியில் கார் சீட் உறை தைத்துக்கொண்டிருந்தவள். கூரையின் உட்பக்கத்துக்கு லைனிங் தைக்க ஆள் தேடி வந்தவர், பதினொரு வருடம் என்னைத் தன் பட்டறையிலேயே வைத்துக்கொண்டார்.

அவர் பயந்த மனிதர். இதை அவர் இல்லாத இடத்தில் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. அவரே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஏணியில் இரண்டாவது படிக்கு மேல் ஏற மாட்டார். வான் வண்டியில் ஏற்றிய சாமானை மூன்று கயிறு போட்டுக் கட்டிவிட்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருவதற்குள் இரண்டு தரம் நிறுத்தி இறங்கிப் பார்ப்பார். பக்கத்து டயர் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். "எனக்குப் பயமாத்தான் ஈக்கி, என்ன செய்ய?" என்பார். குரலில் கூச்சமே இருக்காது.

பன்விலப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோழிக்கூட்டின் மேல் ஒரு கூரை கிடப்பதாகத் தகவல் வந்து இருவரும் போனோம். பின்கண்ணாடி இருந்த இடத்தின் வளைவைப் பார்த்ததுமே அவருக்கு மூச்சு வாங்கியது. இலங்கையில் அந்த வகை இன்னொன்றை அவர் கண்டதில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்கள் ஆறு பேர் தூக்கித் தர வந்தார்கள். பெண்களும் சின்னப் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள். கை வைக்கப் போன நேரத்தில் ஜவ்பர் நானா, "தொட வேணாம்! எல்லாரும் பின்னுக்குப் போங்க" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்னாங்க, கோழி ஒண்ணும் கடிக்காதுங்க" என்று ஒருவர் சிரித்தார்.

கூரையின் ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதற்குள் ஒரேயொரு குளவி நுழைந்ததை அவர் பார்த்திருந்தார். அந்த வகைக் கூரைக்கு மேலும் கீழுமாக இரண்டு தோல், நடுவில் வெற்றிடம். சிரித்தவரின் முகம் மாறியது. தேயிலை மலையில் குளவி என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் லயத்துக்குள் போய்க் கதவை அடைத்தார்கள். வேலை தெரிந்த ஒருவர் பொழுது சாயும் நேரத்தில் புகை போட்டு அதை முடித்துக் கொடுத்தார். உள்ளே பூசணிக்காய் அளவில் கூடு இருந்தது. யாரோ கொடுத்த தேத்தண்ணியை ஜவ்பர் நானாவால் குடிக்க முடியவில்லை. "ஆறு பேரும் ஒண்டாத் தூக்கி ஈந்தா..." என்று தொடங்கினார். கோப்பையை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

இனி, நான் சொல்ல வேண்டிய விஷயம்.

அந்தப் பன்விலக் கூரையின் அச்சில் நாங்கள் செய்த முதல் பிரதி, பேராதனையில் இருக்கும் ஒரு பல் வைத்தியருக்கானது. யாழ்ப்பாணத்துக்காரர். கார் அவருடைய தகப்பனாருடையது. அம்மாவுக்குக் காதில் காற்றுப் பட்டால் வலி எடுக்கும் என்பதால் அவர் கூரை கேட்டார். அம்மாவை அந்தக் காரில் கொழும்புக்கு ஒரு கலியாணத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. பத்து நாள் விடாத மழை. ஈரக்குளிரில் ரெசின் இறுகச் சுணங்கும். முன்பக்கம், கண்ணாடிச் சட்டத்தோடு கூரையைப் பிடித்து வைக்கும் கொளுக்கிகள் இரண்டையும் தாங்கும் கட்டைகளை ஜவ்பர் நானா கடைசியாக ரெசின் வைத்து ஒட்டினார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் லைனிங் ஒட்டத் தொடங்கினேன்.

இடதுபக்கக் கட்டையைச் சுற்றி என் பெருவிரல் பட்டபோது ரெசின் உள்ளே போனது. எடுத்துப் பார்த்தேன், விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அந்த இடம் காயவில்லை. சொன்னால் அவர் எல்லாவற்றையும் பிரித்துப் போடுவார், நான் மூன்று நாள் தைத்த லைனிங் வீணாகும், காலையில் வரப்போகும் டொக்டருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் அந்த ஒரு நிமிடத்தில் யோசித்தேன். பிறகு லைனிங்கை இழுத்து ஒட்டி அதை மறைத்துவிட்டேன். காலையில் ஜவ்பர் நானா போனில் கேட்டார்.

"தங்கச்சி, எல்லாம் காஞ்சி ஈக்கா?"

"காஞ்சிருச்சு நானா."

ஒன்பது மணிக்கு டொக்டர் வந்தார், கூரையைப் பூட்டினோம், போய்விட்டார். பத்தரைக்கு ஜவ்பர் நானா காய்ச்சலோடு வந்து இறங்கினார். ரெசின் கலக்கும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சத்தை ஒரு தகரத் துண்டில் தடவி ஜன்னலில் வைப்பது அவர் வழக்கம். கடைசித் துண்டை எடுத்து நகத்தால் அழுத்தினார். அது மெழுகு போல அமுங்கியது.

"கார் எங்க?"

"போயிட்டாங்க நானா. வீட்டுக்குப் போய் அம்மாவ ஏத்திக்கிட்டு கொழும்புக்கு."

போன் எடுத்தார். மணி அடித்தது, எடுப்பார் இல்லை. மறுபடியும் அடித்தார். பிறகு வான் சாவியை எடுத்தார். நானும் ஓடிப்போய் ஏறினேன். நாற்பதுக்கு மேல் ஓட்டாத மனிதர் பேராதனைப் பாலத்தைக் கடந்த விதத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் வாய் ஓதிக்கொண்டே இருந்தது. இடையில் ஒரு தரம், "லைனிங் ஒட்டக்குள்ள ஒண்டும் வெளங்கல்லயா தங்கச்சி?" என்றார். "இல்ல நானா" என்றேன். இரண்டாவது பொய்.

கடுகண்ணாவை இறக்கம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அவர் வீதியைப் பார்த்தார், நான் பள்ளத்தைப் பார்த்தேன். மூடுபனிக்குள் கீழே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது கூரைதானோ என்று எட்டிப் பார்த்தேன். எதிரே பஸ்கள் ஏறி வந்துகொண்டிருந்தன. கழன்ற கூரை ஒன்று அவற்றின் கண்ணாடியில் போய் அடித்தால் என்ன ஆகும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஐந்தாவது வளைவா, ஆறாவதா தெரியாது. மலையைப் பார்க்க வாகனங்கள் ஒதுங்கும் இடத்தில், ஒரு பழக்கடைக்குப் பக்கத்தில், டொக்டரின் சிவப்புக் கார் நின்றது. கூரை அதன் மேல் இருந்தது. டொக்டர் பழம் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஜவ்பர் நானா இறங்கி ஓடினார். அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார். வலது கையை உயர்த்திக் கூரையின் முன் ஓரத்தைப் பிடித்தபடி இருந்தார்.

"டொக் டொக் எண்டு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டு இருந்தது" என்றார் எங்களைப் பார்த்து. "அதுதான் பிடிச்சுக்கொண்டு வந்தனான். தம்பியிட்டச் சொன்னா காரை நிப்பாட்டுவான், கலியாணத்துக்குப் பிந்திப்போகும் எண்டு சொல்லேல்ல. இப்ப கை உளையுது."

அவரை இறக்கிவிட்டு ஜவ்பர் நானா இரண்டு விரலால் கூரையின் முன் ஓரத்தை மெதுவாக மேலே தள்ளினார். இடதுபக்கக் கொளுக்கி கட்டையோடு கழன்று அவர் கையில் வந்தது. லைனிங் கிழிந்து தொங்கியது. அந்த இடத்தில் என் பெருவிரல் ரேகை தெளிவாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையால் அதை மூடிக்கொண்டு டொக்டரிடம் திரும்பினார்.

"என்ட பிழை டொக்டர். காயாத சாமானக் குடுத்துட்டேன்."

"என்ன கதைக்கிறியள்? அம்மாவை ஏத்திக்கொண்டு வாறன். விளையாட்டே இது?" டொக்டரின் குரலில் கோபத்தை விடப் பயமே கூடுதலாக இருந்தது.

"கத்தாத தம்பி" என்றார் அம்மா. "பிழையெண்டு தெரிஞ்சு பின்னால ஓடி வந்தவையெல்லோ."

அவர்களுக்கு எங்கள் வானைக் கொடுத்துக் கொழும்புக்கு அனுப்பினோம். பிறகு ஜவ்பர் நானா கூரையைக் கழற்றித் தரையில் வைத்து, வீல் ஸ்பானரால் அடித்து உடைத்தார். பழக்கடைக்காரர் பயந்து கடைக்குள் போய்விட்டார். ஒவ்வொரு துண்டையும் இரண்டாக்கிய பிறகுதான் நிறுத்தினார். இன்னொருவர் எடுத்துப் பூட்டிவிடக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம். திறந்த காரில், மழையில் நனைந்துகொண்டு இருவரும் கண்டிக்குத் திரும்பினோம். காய்ச்சலில் அவருக்குப் பல் கிட்டியது. பிலிமத்தலாவை தாண்டினோம். நான் அழுதுகொண்டிருந்தேன். மழையில் அது தெரியவில்லை என்று நினைத்தேன்.

"அழ வேணாம் தங்கச்சி" என்றார். "நீங்களும் பயந்துதான் மறச்சீங்க. எனக்கு வெளங்குது. ஆனா நீங்க பயந்தது எனக்கு. டொக்டர்ட உம்மாவ நெனச்சிப் பயந்து ஈந்தா, சொல்லி இருப்பீங்க."

அவ்வளவுதான். அந்த விஷயத்தைப் பற்றி அதன் பிறகு ஒரு நாளும் அவர் வாய் திறக்கவில்லை. டொக்டருக்குப் புதுக் கூரை செய்தோம். அதைக் கொடுப்பதற்கு முன், பக்கத்து ஆசனத்தில் ஜவ்பர் நானாவே ஏறி உட்கார்ந்து, டொக்டரை ஓட்டச் சொல்லிக் கடுகண்ணாவை இறங்கி ஏறி வந்தார். உங்கள் எல்லோரையும் அப்படி ஓட்ட வைத்தாரே, ஏன் என்று கேட்டால், "சும்மா ஒரு றவுண்ட்" என்பாரே, அதன் காரணம் இதுதான். இறக்கத்தில் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்ததாக நீங்கள் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நான் ஒரு நாளும் சிரித்ததில்லை.

பல் வைத்தியர் ஐயா, இது உங்கள் கண்ணில் பட்டால், அன்று பிழை செய்தது நான். அம்மாவின் கையை நான் மறக்கவில்லை. அவரிடமும் சொல்லுங்கள்.

ஜவ்பர் நானா போய் மூன்று வாரம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை, நான் தனியாக முடித்த முதல் கூரையை எடுத்துப் போக ஒருவர் மாத்தளையிலிருந்து வந்து பட்டறை வாசலில் நின்றார். மழை. வெளியே தொட்டுப் பார்த்ததில் எல்லாம் இறுகித்தான் இருந்தது. வலதுபக்கக் கட்டைக்குக் கீழே மட்டும் எனக்குச் சந்தேகம். அவர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார், முகத்தில் சிரிப்போடு நிற்கிறார்.

"இன்னைக்குத் தர மாட்டேன் சேர்" என்றேன். "எனக்குப் பயமா இருக்கு."

அவர் வந்த வழியே வெறுங்காரோடு திரும்பிப் போனார், கோபமாகத்தான். நான் உள்ளே போய் லைனிங்கைப் பிரித்தேன். ஜவ்பர் நானாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது "எனக்குப் பயமாத்தான் ஈக்கி" என்ற அந்த ஒரு வாக்கியம். யாருக்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதை வாய் திறந்து சொல்வது. அச்சுகளையும் பட்டறையையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.